மேலவையில் ஐந்தரை மணி பஸ்

நான் ஒரு செனட்டர். இதைச் சொன்னவுடன் பாதிப் பேர் "எந்தத் தொகுதி?" என்று கேட்பார்கள். எனக்குத் தொகுதி கிடையாது. மலேசிய நாடாளுமன்ற மேலவையில் என்னைப் போல உட்கார்ந்திருப்பவனை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை, நியமிக்கிறார்கள். மூன்று ஆண்டு, மிஞ்சினால் இன்னொரு மூன்று ஆண்டு. கட்சியில் எனக்குச் சட்டமன்ற வேட்பாளர் இடம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காத மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மாடியில் தனியாக இலை போட்டு உட்கார வைப்பார்களே, அப்படித்தான் என்னை மேலவையில் உட்கார வைத்தார்கள். நானும் கோபத்தை மறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

கல்யாண வீட்டைச் சும்மா இழுக்கவில்லை. அரசியலுக்கு வருமுன் கோல சிலாங்கூரிலிருந்து ரவாங் வரைக்கும் கல்யாண மேடைகளில் அறிவிப்பாளர் நான்தான். மைக் கைக்கு வந்தால் மணமக்களின் தாத்தாவிலிருந்து தொடங்கி எல்லோரையும் வாழ்த்தாமல் விடமாட்டேன். முகூர்த்தம் தாண்டுகிறது என்று ஐயர் கையைக் கையை ஆட்டுவார். நான் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்து பேசுவேன். இந்தத் திறமையைக் கொஞ்சமும் சிந்தாமல் மேலவைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே எனக்கென்றே ஒரு வழக்கம் காத்திருந்தது. மலாய் மொழியில் பந்துன் என்று நான்கு வரிப் பாட்டு உண்டு. முதல் இரண்டு வரியில் ஏதாவது பறவை பறக்கும், பூ பூக்கும். அடுத்த இரண்டு வரியில்தான் விஷயம் வரும். பேச எழுந்தவர் ஒரு பந்துனோடு தொடங்கி ஒரு பந்துனோடு முடித்தால் சபைக்குப் பரம திருப்தி. ஒரு தமிழன் இவ்வளவு அழகாகப் பந்துன் சொல்கிறானே என்று எல்லாக் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை. கடல் மசோதாவானாலும் கோழித் தீவன மசோதாவானாலும் எங்கள் ஊர் மின்மினிப் பூச்சி ஒன்று என் பந்துனில் பறந்தே தீரும். ஐந்து ஆண்டுகளாக என் பேச்சால் எந்தச் சட்டத்திலும் ஒரு கால்புள்ளிகூட இடம் மாறியதில்லை.

இந்த நிலையில்தான் என் அக்கா லெட்சுமி என்னிடம் ஓர் உதவி கேட்டாள். அக்கா பெஸ்தாரி ஜெயா சாலையில் இருக்கும் வெல்டன் தோட்டத்தில், இன்னும் இடிக்காமல் மிச்சமிருக்கும் தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கோல சிலாங்கூர் டவுனிலுள்ள மையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து அவளோடு சேர்ந்து ஆறு பேர் போகிறார்கள். இத்தனை நாளும் விடியற்காலை ஐந்தரை மணி பஸ்ஸில் போனார்கள். அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது முதல் பஸ் ஏழேகாலுக்குத்தான். மையத்தில் முதல் பிரிவு ஆறரைக்குத் தொடங்குகிறது. பிந்திப் போனால் அடுத்த பிரிவுக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள், அதனால் நான்கு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரத்தை இரண்டரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். சுத்தமாகாத ரத்தமும் வெளியேறாத நீருமாக அக்காவின் கால்கள் வீங்க ஆரம்பித்திருந்தன.

"டேய் புவனேசு, அந்த அஞ்சர பஸ்ஸ திரும்ப விடச் சொல்லி பார்லிமெண்டுல கேளு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"நீ பேசாம டவுனுக்கு என் வீட்டுக்கு வந்துரு அக்கா. பிரேமலாவும் அதத்தான் சொல்றா" என்று என் மனைவியையும் துணைக்கு இழுத்தேன்.

"நான் வந்துருவேன். ரெங்கசாமி அண்ணன உன் வீட்டுல எங்க படுக்க வைப்பே? மத்த நாலு பேர?"

பஸ் விவகாரத்தைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மிக மரியாதையாக, அமைச்சு கேட்டால்தான் தங்களால் அசைய முடியும், செனட்டர் என்ற முறையில் நான் விவாதத்தில் எழுப்பினால் நல்லது என்று சொன்னார். விவாதம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். முதலில் மேலவைத் தலைவருக்கு வணக்கம் சொன்னேன். பிறகு துணைத் தலைவருக்கு, அமைச்சர்களுக்கு, பார்வையாளர் மாடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஒரு பந்துன் சொன்னேன், மேசை அதிர்ந்தது. அது அடங்கியதும் இன்னொன்று சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று பட்டது. நிதியமைச்சைப் பாராட்டினேன். எங்கள் ஊர் ஆற்றங்கரையின் அழகை வர்ணித்தேன். "இப்போது மிக முக்கியமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன்" என்று தண்ணீர் குடித்தேன். மணி அடித்தது. "இன்னும் கொஞ்சம், தலைவரே" என்றேன். "முடியுங்கள், முடியுங்கள்" என்றார் தலைவர். இந்தச் சொல்லைக் கேட்டால் என் வாய் தானாக ஒரு பந்துன் சொல்லி, "இந்த மசோதாவை ஆதரிக்கிறேன்" என்று முடித்து, என்னை உட்கார வைத்துவிடும். அப்படியே செய்தது.

வெல்டன் தோட்டத்து முச்சந்தியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சேக் பரீது அண்ணனின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே போனில் நேரலையைப் போட்டு எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை நான் போய் இறங்கியதும் சேக் பரீது கைகுலுக்கினார். மக்கள் பிரதிநிதிகளை இங்கே வொய்.பி. என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள்.

"மாஷா அல்லா, வொய்.பி.! பந்துன் ஒவ்வொண்ணும் தேன் லா! தே தாரிக் நம்ம கணக்கு, உக்காருங்க."

அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பஸ்ஸு எங்கடா?"

"மணி அடிச்சிட்டாங்க அக்கா."

"அவங்க மணி அடிக்கிற வரைக்கும் நீ என்னா பண்ணிக்கிட்டு இருந்தே?"

தே தாரிக் மிகச் சூடாக இருந்தது. அந்த டீயை ஆற்றுவதிலேயே கவனமாக இருந்தேன்.

அடுத்த வாரம் அமைச்சர்கள் பதில் சொல்லும் நாள். போக்குவரத்துத் துணையமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட அனுமதி கேட்டு எழுந்தேன். இந்த முறை பஸ்ஸைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று பிரேமலாவிடம் சத்தியம் செய்திருந்தேன். துணையமைச்சர் சிரித்துக்கொண்டே, "தாராளமாகக் கேளுங்கள், ஆனால் பந்துனில்தான் கேட்க வேண்டும்" என்றார். சபை மேசையைத் தட்டியது. சத்தியம் அந்தத் தட்டலில் எங்கே போய் விழுந்ததென்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று, அன்று நான் பஸ்ஸைக் கேட்டேன். ஆற்றோரம் மின்மினி ஒரு கணம் ஒளிர்ந்து அணைகிறது, முச்சந்தியில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள், விடியற்காலை பஸ் இப்போதெல்லாம் வருவதில்லை என்று நான்கு வரியில் கேட்டேன். துணையமைச்சர் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் பந்துன் பாடினார்:

"புருங் புனாய் டி போஹோன் ஜாத்தி,
தெர்பாங் ரெண்டா மென்சாரி பெராஸ்;
ஓராங் சாக்கிட் ஊசா சூசா ஹாத்தி,
சுபோ நந்தி டாத்தாங்லா பாஸ்."

தேக்கு மரத்துப் புறா தாழப் பறந்து அரிசி தேடுகிறது. நோயாளிகளே, மனம் வருந்த வேண்டாம், விடியற்காலை பஸ் வந்துவிடும். இதுதான் பொருள். சபை எழுந்து நின்று தட்டியது. அந்தக் காணொளியைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். புக்கிட் செந்தோசாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் என்னிடம் பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

"ஏன் இப்படிச் சிரிச்சிக்கிட்டே திரியிறீங்க? பஸ்ஸு விட்டுட்டாங்களா?" என்று பிரேமலா கேட்டாள். அவளுக்குக் கலை ரசனை குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை சேக் பரீது போன் செய்தார்.

"வொய்.பி., உங்க அக்காவும் மத்தவங்களும் பஸ் ஸ்டாப்புல நிக்கிறாங்க. மந்திரி சுபோவுக்கு பஸ் வரும்னு சொன்னாருல்ல, அதான். நான் கடையத் தொறந்ததுலேர்ந்து நிக்கிறாங்க. பஸ்ஸும் காணோம், ஒண்ணும் காணோம்."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு காடியை எடுத்தேன். போய்ப் பார்த்தால் ஆறு பேரும் விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறார்கள். ரெங்கசாமி அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கையில் துணிப்பையுடன், சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த ஆறு பேரும் என் வித்தையை வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல. நம்பியவர்கள்.

"மந்திரி சொன்னது பொய்யா போவுமா தம்பி? கொஞ்சம் பிந்துது போல" என்றார் ரெங்கசாமி.

"அண்ணே, அது பந்துன். பெராஸ்னு ஒரு வரி முடிஞ்சா, அதுக்குப் பொருத்தமா பாஸ்னு முடிக்கணும். அதுக்காக வந்த பஸ்ஸுண்ணே அது."

அவர் துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப நீ கேட்டதும் அப்படித்தானா?" என்றார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பேசினது போதும், நேரமாவுது" என்றாள் அக்கா. நல்லவேளையாக என்னுடையது ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் காடி. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஆறரைக்குள் சேர்ந்துவிட்டோம். பிறகு அமைச்சுக்குப் போன் செய்து உறுதிமொழி என்னாயிற்று என்று கேட்டேன். பந்துனை உறுதிமொழியாக எடுத்துக்கொள்வதில்லை என்று அங்கிருந்த அதிகாரி விளக்கினார்.

அன்றிலிருந்து பஸ் நான்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்துக்குள்ளேயே போய், வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு, மையத்தில் இறக்கிவிட்டு, சபை நடக்கும் நாட்களில் அங்கிருந்து கோலாலம்பூருக்குப் பறப்பேன். அக்காவின் கால் வீக்கம் வற்றியது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை. ஒருநாள் எல்லோரையும் காடிக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடலாமென்று போனை எடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் போன் திரும்பப் பைக்குள் போய்விட்டது.

"நீ இன்னும் எத்தன மாசம் செனட்டரா இருப்பே?" என்று கேட்டாள்.

"ஆறு."

"அப்பறம் உன்னால இப்படியே ஓட முடியுமா? உனக்கு ஒரு சளி புடிச்சா எங்க கதி என்னா? பஸ்ஸக் கேளுடா. காடியக் காட்டி என்னைய ஏமாத்தாதே."

அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் எனக்கு நேரம் கிடைத்தது. எழுந்தேன். நான் வாயைத் திறக்குமுன்பே "பந்துன்! பந்துன்!" என்று மேசைகள் தட்டின. ஒரு நல்ல பந்துன் தொண்டைவரை வந்து நின்றது. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான், அவ்வளவு நல்ல பந்துன். விழுங்கினேன். "வெல்டன் தோட்டத்திலிருந்து ஆறு நோயாளிகள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக, நிறுத்தப்பட்ட ஐந்தரை மணி பஸ்ஸைத் திரும்ப விட வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "அவ்வளவுதானா?" என்று தலைவர் கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன். யாரோ இருமினார்கள். கட்சிச் செயலாளர் குறுஞ்செய்தி அனுப்பினார், உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று.

என் வாழ்நாளில் நான் நிகழ்த்திய மிகச் சிறந்த உரை அதுதான் என்று நம்பிக்கொண்டு துணையமைச்சரின் பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் இந்த முறை பந்துன் சொல்லவில்லை.

"மதிப்பிற்குரிய செனட்டர் முன்பு பாடியது என் மனதைத் தொட்டது. ஆகவே அதிகாரிகளை அனுப்பினேன். இரண்டு வாரம் விடியற்காலையில் அந்த நிறுத்தத்தில் நின்று எண்ணினார்கள். ஒரு பயணிகூட வரவில்லை. ஒரு வெள்ளைக் கார் மட்டும் தோட்டத்துக்குள் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறதாம். அங்குள்ள மக்களுக்குப் போதிய வசதி இருக்கிறது என்று அமைச்சு கருதுகிறது."

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஐந்தரை ஆண்டில் அரசாங்கத்தின் முடிவு ஒன்றில் எனக்கும் பங்கிருந்தது அதுதான் முதல் தடவை.

கேண்டீனில் துணையமைச்சரைப் பிடித்து, அந்த வெள்ளைக் கார் என்னுடையதுதான் என்று சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. நோயாளிகள் போகும் நாட்களில் இன்னும் ஒரு வாரம் ஆள் அனுப்பி எண்ணச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அப்படியானால் ஒரு பந்துன்" என்றார். சொன்னேன். சபையில் விழுங்கியதை அங்கே கக்கினேன். கரண்டிகளால் மேசையைத் தட்டினார்கள். அவர் சொன்னபடியே ஆள் அனுப்பினார், அதையும் சொல்லியாக வேண்டும்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது என்னை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ வெற்றிலையை மடித்துக்கொண்டே திட்டம் போட்டாள்.

"இனிமே நீ உள்ள வராதே. நாங்க பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போறோம். அந்த ஆளு எண்ணி முடிக்கட்டும். போனதுக்கப்பறம் வா."

"எண்ணி முடிக்க ஆறரைக்கு மேல ஆயிரும் அக்கா. மெஷின நேரத்தோட நிப்பாட்டிருவாங்க. மறுபடியும் கால் வீங்கும்."

"ஒரு வாரந்தானே. எங்களக் கண்ணால பார்க்காம பஸ்ஸு விட மாட்டாங்கன்னா, நல்லா பார்த்துக்கட்டும்."

திங்கட்கிழமை காடியைச் சேக் பரீது கடைக்குப் பின்னால், எரிவாயுக் கலன்களுக்குப் பக்கத்தில் மறைத்து நிறுத்தினேன். மூன்றாம் தரப் படத்தில் வரும் கடத்தல்காரனைப் போல விளக்கை அணைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அமைச்சிலிருந்து நூருல் என்ற இளம் அதிகாரி வந்திருந்தாள். கையில் எண்ணும் கருவி, அழுத்தினால் டிக் என்று சத்தம் வரும். ஆறு டிக் கேட்டது. அவள் கிளம்பிய பிறகு ஏற்றிக்கொண்டு போனேன், பிந்தித்தான் சேர்ந்தோம். புதன்கிழமையும் அப்படியே.

வெள்ளிக்கிழமை ரெங்கசாமி அண்ணன் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சுத்தமாகாததில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, முந்தின நாள் சாயங்காலமே மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அதைக் கேட்டபோது நான் கடைக்குப் பின்னால் காடியில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸே போய்த் தொலையட்டும், எல்லோரையும் இப்போதே அள்ளிக்கொண்டு போய்விடலாமென்று சாவியைத் திருகப் போனேன். அக்காவின் போன் வந்தது.

"ஒரு ஆளு கொறையுது. அவரு எடத்துல நீ வந்து நில்லு."

"நானா? அக்கா, நான் செனட்டர்."

"தெரியும். வந்து நில்லு."

போய் நின்றேன். அக்காவின் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்றபோதுதான் கேட்டது. நூருல் வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்த முகம் இது. அடையாளம் கண்டுகொண்டால் என்ன சொல்வது என்று கலங்கிக்கொண்டிருந்தேன். கண்டுகொள்ள மாட்டாளா என்று உள்ளூர ஓர் ஆசையும் இருந்தது, மறைப்பானேன். "பஸ்ஸுக்கா, அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டை விரல் மட்டும் அசைந்தது. டிக்.

நூருல் கிளம்பியதும் ஓடிப்போய்க் காடியை எடுத்துவந்து எல்லோரையும் ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து ஐந்தரை மணி பஸ் திரும்ப வந்தது. முதல் நாள் பார்ப்பதற்கு நானும் போயிருந்தேன். சேக் பரீது கடை வாசலுக்கு வந்து நின்றார். ரெங்கசாமி அண்ணன் அதே இஸ்திரி போட்ட சட்டையில், கொஞ்சம் மெலிந்து, முதலாவதாக ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஏறினார்கள். அக்கா கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு பந்துன்கூட மனதில் ஓடியது. நான் நிறுத்தத்திலேயே நிற்பதைப் பார்த்த ஓட்டுநர் கதவை மூடாமல் காத்திருந்தார்.

"அண்ணே, ஏறலையா?"

ஜன்னல் வழியாக அக்காதான் அவருக்குப் பதில் சொன்னாள்.

"அவன் ஏற மாட்டான் லா. சும்மா எண்ணிக்கைக்கு நின்னவன்."